படுக்கவைத்த சிலிண்டர்

அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனால் எவ்வளவு தூரம் போவார்? பாலகிருஷ்ணன் பதினைந்து அடி போனார். மொன்ட்ரியால் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் அவருடைய வீட்டுக்குப் பக்கவாட்டில், கார் நிறுத்தும் இடத்தில் நின்ற ட்ரெயிலருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அது அக்டோபர் மாதம். ஏறும்போது ஸ்வெட்டர்கூடப் போட்டிருக்கவில்லை. எப்படியும் இரண்டு நாளில் கூப்பிட்டுவிடுவாள் என்ற தைரியம்தான்.

அனுசூயா கூப்பிடவில்லை. இலை உதிர்ந்தது, நவம்பர் மழை பெய்தது, பனியும் கொட்டி 2003 போய் 2004 வந்துவிட்டது. மனுஷன் இன்னும் அங்கேயேதான் இருந்தார்.

சண்டைக்குக் காரணம் அந்த ட்ரெயிலர்தான். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, பேசின், கக்கூஸ் எல்லாம் உண்டு. விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வுபெற்ற கையோடு, ஒரு வார்த்தை கேட்காமல் போய் வாங்கி வந்துவிட்டார். கண்டம் முழுக்கச் சுற்றுவதாகத் திட்டம். ஆனால் அனுசூயாவிடம் இத்தனை வருஷமாக அவர் சொல்லி வந்தது வேறு. ரிட்டயர் ஆனதும் வருஷத்தில் ஆறு மாசம் சென்னை, அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் என்று சொல்லியிருந்தார். அவளும் அதை நம்பி, அக்காவை வீடு பார்க்கச் சொல்லியிருந்தாள்.

"யாரைக் கேட்டு வாங்கினீங்க?" என்றாள்.

"என் ரிட்டயர்மென்ட், என் இஷ்டம்."

"அப்ப நீங்களே அதுல குடித்தனம் பண்ணுங்க. நான் ஏறமாட்டேன்."

"பண்றேன். நீயா கூப்பிடற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"போகச் சொன்னது யாரு? வர்றதுக்கு மட்டும் வெத்தலைபாக்கு வெச்சு அழைக்கணுமா?"

அவ்வளவுதான். இந்த நாலு வரியை இரண்டு பேரும் நெஞ்சில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டார்கள். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை.

கோபத்தோடு இருக்கலாம், மொன்ட்ரியால் குளிரில் ட்ரெயிலரில் இருப்பது அப்படி லேசான காரியமா? கோடையில் ஏரிக்கரையில் நிறுத்தி மீன் பிடிப்பதற்காகச் செய்த வண்டி அது. சுவர் விரல் கனம்கூட இருக்காது. தண்ணீர்க் குழாய்கள் தரைக்குக் கீழே ஓடுகின்றன. ஹீட்டர் கொஞ்ச நேரம் நின்றால் குழாயில் தண்ணீர் உறைந்து, விரிந்து, டப்பென்று வெடித்துவிடும். பாலகிருஷ்ணன் எஞ்சினியர் ஆயிற்றே, விடுவாரா? வண்டியின் வயிற்றைச் சுற்றித் தரைவரைக்கும் தெர்மோகோல் பலகை அடித்தார். குழாய்களில் சூடேறும் ஒயரைச் சுற்றினார். பேசினுக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவை எப்போதும் திறந்தே வைத்தார், அறையின் சூடு குழாய்க்குப் போகட்டும் என்று. கழிவுத் தொட்டி உறையாமலிருக்க மருந்து ஊற்றினார். இதெல்லாம் செய்யும்போது மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. திருகுவதற்கு ஏதாவது இருந்தால் அவருக்கு யோசனை வராது.

எல்லாவற்றுக்கும் உயிர் முன்பக்கம் நின்ற இரண்டு புரோபேன் சிலிண்டர்கள். அவைதான் ஹீட்டருக்கும் அடுப்புக்கும் கேஸ். ஒன்று தீர்ந்தால் மற்றதற்கு மாற்றிவிட்டு, காலியானதைக் காரில் போட்டுக்கொண்டு போய் நிரப்பி வரவேண்டும்.

சிலிண்டர் என்றதும் ஒரு பழைய கதை உண்டு. கல்யாணம் ஆன புதிதில் நங்கநல்லூரில் வாடகை வீடு. அந்தக் காலத்தில் கேஸுக்குப் பதிந்தால் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. அவர்களுடைய தலைப்பொங்கல் அன்று, பால் பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அடுப்பு மினுக் மினுக்கென்று அடங்கிக்கொண்டே வந்தது. பொங்காமல் பானையை இறக்கினால் அந்த வருஷமே விளங்காதே என்று அனுசூயாவுக்கு அழுகை வந்துவிட்டது. பாலகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிலிண்டரைத் தரையில் படுக்கவைத்தார். "இப்படிப் போட்டா அடியில இருக்கற மிச்சம் வரும் அனு." வந்தது. பால் பொங்கி வழிந்தது. "எங்க வீட்டு எஞ்சினியர் முதன்முதல்ல ரிப்பேர் பண்ணது எங்க பொங்கலைத்தான்" என்று இந்த ஊருக்கு வந்தபிறகும் விருந்தாளிகளிடம் அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது விருந்தாளியும் இல்லை, சிரிப்பும் இல்லை. வாரத்துக்கு ஒரு தரம், சனிக்கிழமை காலையில், இரண்டு பேருக்கும் இடையில் ஒரே ஒரு காரியம் நடக்கும். ட்ரெயிலரின் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்கவேண்டும். வெளிக் குழாய் குளிர்காலத்தில் வேலைக்காகாது. ஆகவே பாலகிருஷ்ணன் ஹோஸின் நுனியை நிலவறையின் குட்டி ஜன்னல் வழியாக உள்ளே விடுவார். உள்ளே துணி துவைக்கிற குழாயில் அனுசூயா அதை மாட்டுவாள். அவர் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினால் குழாயைத் திறப்பாள். மூன்று தட்டுத் தட்டினால் மூடுவாள். இந்த ஏற்பாட்டை யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக வந்தது. ஜன்னல் தரைமட்டத்தில் இருப்பதால் அவருக்கு அவளுடைய கைதான் தெரியும். மருதாணி போட்டு வெளுத்த நகம், இடது கையில் பழைய வளையல். அந்தக் கையைப் பார்ப்பதற்காக மனுஷன் சனிக்கிழமைகளில் சவரம் செய்துகொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கைக்கு இவருடைய முகம் தெரியவா போகிறது?

மற்ற நாட்களில் யாரும் இல்லை. ஹீட்டர் உஸ்ஸென்று பற்றி எரியும், அணையும், மறுபடி பற்றும். ஜன்னல் கண்ணாடி வேர்த்து வழியும், அதைத் துடைப்பார். ரவையைக் கிண்டித் தின்பார். இருட்டியதும் எதிரே சமையலறை விளக்கு எரியும். அது அணைகிறவரைக்கும் இவர் படுக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையில், தெபனேர் என்று இங்கே சொல்கிற பெட்டிக்கடைக்கு நடந்து போய், அங்கே உள்ள போனில் வான்கூவரில் இருக்கும் மகள் மாளவிகாவிடம் பேசுவார். வண்டியில் போன் கிடையாது. வீட்டுப் போனைத் தொடமாட்டேன் என்று சபதம்.

"அப்பா, அம்மா ஜனவரி இருபதாம் தேதி சென்னைக்குக் கிளம்பறா. தெரியுமா?"

"போகட்டும். யார் வேண்டாம்னா?"

"திரும்பி வர டிக்கெட் போடலைப்பா. பெரியம்மா பக்கத்துலயே வீடு பார்த்தாச்சு. அதுக்குள்ள நீங்க உள்ள போகலைன்னா அவ அங்கேயே இருந்துடுவா. நான் விளையாட்டுக்குச் சொல்லலை."

அதற்கும் பாலகிருஷ்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "அவ ஒரு வார்த்தை கூப்பிடட்டும். அடுத்த நிமிஷம் உள்ள இருப்பேன்."

"அதையேதான் அவளும் சொல்றா. அவர் ஒரு தடவை பெல் அடிக்கட்டும்னு" என்று மாளவிகா அலுத்துக்கொண்டு போனை வைத்தாள்.

புரோபேன் நிரப்புகிற இடத்தில் வேலை பார்த்தவர் சண்முகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், வாய் ஓயாது. சிலிண்டரைத் தராசில் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணை, இன்னும் வெளியிலதானோ படுக்கை?"

"உங்களுக்கு வியாபாரம் நடக்குதில்ல, அப்புறம் என்ன?"

"ஓம், எனக்கு நல்லதுதான். எண்டாலும் சொல்லுறன். வீட்டில அக்காவிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போங்கோவன். இந்தக் கிழமை முழுக்க சைபருக்குக் கீழ முப்பதுக்குப் போகுமாம். உங்கட கோவம் தாங்கும், குழாய் தாங்காது."

குழாய் தாங்காது என்ற பேச்சு மட்டும்தான் அவர் காதில் ஏறியது. தொட்டிக்கு அடியில் ஒட்டுகிற மின்சார ஹீட்டிங் தகடு ஒன்று த்ருவா ரிவியேர் என்ற ஊரில் ஒரு கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மறுநாளே விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளியே மூக்குக்குள் முடி உறைகிற குளிர். ஹீட்டரை நன்றாகத் திருகி வைத்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு என்ன நாள் என்று அவர் யோசிக்கவில்லை. வண்டியில் தொங்கிய காலண்டர் ஏதோ பலசரக்குக் கடைக்காரன் பிரெஞ்சில் அடித்துக் கொடுத்தது. அதில் பொங்கல் எங்கே போட்டிருக்கும்?

வழியில் பனிப்புயல். போனவர் தகட்டோடு திரும்பி வரும்போது விளக்கு வைக்கிற நேரம். வண்டிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது வெளியில் இருந்த அதே குளிர். ஹீட்டர் செத்துக் கிடந்தது. பேசின் குழாயைத் திருகினார், ஒரு சொட்டு இல்லை. குனிந்து அலமாரிக்குள் பார்த்தால், குழாய் நீளவாக்கில் பிளந்து, பிளவுக்குள்ளிருந்து பனிக்கட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

முன்பக்கம் ஓடினார். மாட்டியிருந்த சிலிண்டர் அதன் இடத்தில் நிற்கவில்லை. ஹோஸோடு சேர்த்து இறக்கப்பட்டு, பனியில் பக்கவாட்டில் கிடந்தது. ரெகுலேட்டர் வெள்ளையாக உறைந்து போயிருந்தது. நின்றால்தான் சிலிண்டரிலிருந்து ஆவி வரும். படுக்கப்போட்டால் புரோபேன் தண்ணீராகவே வந்து ரெகுலேட்டருக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். சிலிண்டர் பூட்டுக்கும் வண்டிக் கதவுக்கும் மாற்றுச் சாவி வீட்டுக்குள் ஆணியில்தான் தொங்குகிறது. அதனால் யார் வேலை என்பதும் தெரிந்துபோயிற்று.

எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்! நிலவறை ஜன்னலுக்குப் போய்ப் படார் படாரென்று அடித்தார். உள்ளே விளக்கு எரிந்தது, ஜன்னல் திறந்தது, அவளுடைய கை தெரிந்தது.

"வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான்..." என்று அனுசூயா ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் அவர் கேட்ட முதல் பேச்சு.

"உனக்கு இப்ப சந்தோஷமா? சிலிண்டரைத் தள்ளிவிட்டு, குழாயெல்லாம் வெடிக்க விட்டா, நான் நடுங்கிக்கிட்டு வந்து உன் கால்ல விழுவேன்னு நெனச்சியா?"

"ஐயோ, இல்லீங்க. நான் கேஸ் தீர்ந்துபோச்சுன்னு..."

"வாயைத் திறக்காத! என்னை உள்ள வரவைக்கறதுக்கு இவ்வளவு மட்டமான வழியா கண்டுபிடிச்ச? மெட்ராஸுக்குத்தானே போற? போ. போய் அங்கேயே இரு. நீ இல்லைன்னா இங்க ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

கை கொஞ்ச நேரம் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. பிறகு உள்ளே போயிற்று. ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். வீட்டுப் பிளக்கிலிருந்து இழுத்த ஒயரில் ஒரு சின்ன மின்சார ஹீட்டர். அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு, குல்லாவோடு தூங்கினார். அந்த ஒயரை அவள் பிடுங்கிவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தார். பிடுங்கவில்லை. சனிக்கிழமை வந்தது. தொட்டியே உறைந்து கிடக்கும்போது எதற்குத் தண்ணீர்? ஜன்னலைத் தட்டவில்லை. அன்றைக்கு முழுக்கச் சவரம் செய்யாத தாடையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இருபதாம் தேதியும் வந்தது. ரோஷக்காரர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவள் எப்போது ஊருக்குப் போனாலும் ராத்திரி விமானம்தான், இருட்டிய பிறகுதான் டாக்ஸி வரும். அந்த நேரத்தில் எதேச்சையாக வந்ததுபோல வண்டிக்கு வெளியே நிற்பது. பெட்டியைத் தூக்கித் தரவா என்று கேட்பது. கேட்டால் அவள் ஏதாவது சொல்லாமலா போவாள்? அதற்குள் குழாயைச் சரி செய்துவிடலாம் என்று, மத்தியானம் புது ரெகுலேட்டரோடு வந்தவர், பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஹேர் டிரையரைப் பிடித்து உறைந்த குழாயை உருக்க ஆரம்பித்தார். தலைமாட்டில் அது ஊவென்று இரைந்துகொண்டே இருந்தது. உலகமே இடிந்து விழுந்தாலும் கேட்டிருக்காது.

வெடித்த துண்டை வெட்டிவிட்டுப் புதுத் துண்டை இணைத்து அவர் எழுந்து உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. சிலிண்டரை மத்தியானம் வந்ததுமே எழுப்பி நிறுத்தி மாட்டியிருந்தார், குழாய் வேலை முடிந்ததும் ஹீட்டரைப் பற்றவைக்கலாம் என்று. நல்ல கனம். பாதிக்கு மேலேயே கேஸ் இருந்தது. கோபத்தில் அதையெல்லாம் அன்று பார்க்கவில்லை. முதலில் ஒரு காபி குடித்துவிட்டு வெளியே போய் நிற்கலாம் என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அன்றிலிருந்து அடுப்பைத் தொட்டிருக்கவில்லை. பர்னரைச் சுற்றி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியைத் தூக்கிப் பார்த்தார். அரிசி. கழுவின பச்சரிசி, நாலைந்து மணி. பக்கத்தில் பாகாக இறுகின வெல்லம். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் வாடிப்போன இஞ்சி மாதிரி ஏதோ. எடுத்தார். நூல் கட்டின மஞ்சள் கிழங்கு, பானைக் கழுத்தில் கட்டுகிற மஞ்சள் கொத்திலிருந்து அறுந்து விழுந்த ஒரு துண்டு.

பாலகிருஷ்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அன்றைக்குப் பொங்கல். அவள் இங்கே வந்திருக்கிறாள். ஏறமாட்டேன் என்று சொன்ன வண்டியில் ஏறியிருக்கிறாள். பானையும் பாலும் தூக்கிக்கொண்டு வந்து, அவர் இருக்கிற இடத்தில் பொங்கட்டும் என்று இந்த அடுப்பில் ஏற்றியிருக்கிறாள். அந்தக் குளிரில் ஹீட்டரும் அடுப்பும் ஒரே சிலிண்டரை இழுத்தால் தீ சிறுத்துத்தான் போகும். அடுப்பு மினுக் மினுக்கென்று அடங்கியிருக்கும். பால் இன்னும் பொங்கவில்லை. அவளுக்குக் கேஸ் தீர்ந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். வெளியே ஓடிப்போய், அந்தக் கனத்தை அறுபது வயதில் தனியாக இறக்கி, படுக்கவைத்திருக்கிறாள்.

கெடுக்க நினைத்தவள் வால்வை ஒரு திருகுத் திருகி மூடிவிட்டுப் போயிருப்பாளே! இதை ஏன் அன்றைக்கு யோசிக்கவில்லை? நங்கநல்லூரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது யார்? தண்ணீராய் வந்த கேஸ் அடுப்பில் குபீரென்று பற்றியிருந்தால் புடவையோடு எரிந்திருப்பாளே! அவளைப் பார்த்தா அப்படிக் கத்தினோம்?

"அனு!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்தார்.

வண்டியின் வாசற்பலகை மேல் மத்தியானம் விழுந்த புதுப் பனி. அதில் சின்ன பூட்ஸ் தடம். வீட்டு வாசலிலிருந்து நேரே வண்டிக்கு வந்திருந்தது. கதவுக்கு முன்னால் பனி நன்றாக மிதிபட்டிருந்தது. குளிருக்கு ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நெடுநேரம் நின்றவளின் தடம். அங்கிருந்து தடம் திரும்பித் தெருவுக்குப் போனது, பக்கத்தில் பெட்டிச் சக்கரம் இழுத்த இரண்டு கோடு. சமையலறையில் விளக்கு இல்லை. வீடு முழுக்கவே இருட்டாக இருந்தது.

தட்டியிருப்பாள். நிச்சயம் தட்டியிருப்பாள். ஹேர் டிரையர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அவரே அவளைப் போ என்று சொல்லியிருந்ததால், கதவைத் திறக்கவில்லை என்றதும் அவளும் போய்விட்டாள்.

உள்ளே போன் அடிப்பது கேட்டது. நின்றது, மறுபடி அடித்தது. பாலகிருஷ்ணன் பனியில் சறுக்கி, எழுந்து, சாவியைத் தேடிக் கதவைத் திறந்து, மூன்று மாதம் மிதிக்கமாட்டேன் என்றிருந்த வாசற்படியை மிதித்துக்கொண்டு ஓடினார். யாரும் கூப்பிடாமல்தான் போனார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பாவா? உள்ளேயா இருக்கீங்க?" என்றாள் மாளவிகா. "எத்தனை தடவை அடிக்கிறேன்! இந்தத் தடவை சாயங்கால விமானம். புயல் வருதுன்னு அம்மா சீக்கிரமே ஏர்போர்ட் போயிட்டா. அங்கேர்ந்து பேசினா. ஏறப்போறேன்னு சொன்னா."

"விமானம் கிளம்பிடுச்சா?"

"கிளம்பியாச்சுப்பா."

அவர் கையில் அந்த மஞ்சள் துண்டு இன்னும் இருந்தது.

"அம்மா இந்த வருஷம் பொங்கலே சாப்பிடலையாம். ஏம்மான்னு கேட்டேன். பால் பொங்கலைடின்னு மட்டும் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லமாட்டேங்கறா. என்னப்பா நடந்தது?"

"மாளவி, அவ எப்ப திரும்பி வருவா?"

"நானும் கேட்டேம்பா. 'வெத்தலைபாக்கெல்லாம் வேண்டாம், ஒரு தடவை கூப்பிடச் சொல்லு'ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

சென்னை வீட்டு நம்பரை எழுதிக்கொண்டார். அவள் போய்ச் சேர இன்னும் ஒரு நாளாவது ஆகும். அதுவரைக்கும் யாரைக் கூப்பிடுவது? போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கோட்டோடு உட்கார்ந்தார். சமையலறைக் கதவு வழியாக வெளியே வண்டி தெரிந்தது. அடுப்பைப் பார்த்த அதிர்ச்சியில் ஹீட்டரைப் பற்றவைக்க மறந்துவிட்டிருந்தார். இப்போதே ஓடினால் புதிதாக மாட்டின குழாயைக் காப்பாற்றிவிடலாம். அவர் எழுந்திருக்கவில்லை. உறைந்தால் உறையட்டும் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.